கவுளி உத்தரவு

ஆடிக் காற்றுக்கும் ஒத்தைப்பாறைப்பட்டிக்கும் ஏதோ தீராத பகை இருக்க வேண்டும். பழனி மலைப் பக்கம் கிளம்புகிற காற்று, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளாவுக்குப் போகிற லாரிகளின் தார்ப்பாயை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு, வழியில் வேறு எந்த ஊரையும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல், வேடசந்தூர்ப் பக்கத்து இந்தக் கரிசலும் செம்மண்ணும் கலந்த காட்டுக்கு வந்துதான் தன் முழு வேலையையும் காட்டும். வீட்டுக் கூரையில் ஓடு நகரும். காயப்போட்ட சேலை அடுத்த தெருவில் கிடைக்கும். அதை எடுத்துக் கொடுக்க வருகிறவள் செத்த நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போவாள். சோற்றில் மண் விழாமல் சாப்பிட்டவன் அந்த மாதத்தில் அந்த ஊரில் கிடையாது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடியில், மாரியம்மன் சாமி கும்பிடுக்குக் காப்புக் கட்டுகிற செவ்வாய்க்கிழமையன்றும் பேச்சாயி முருங்கைத் தோட்டத்தில்தான் கிடந்தாள். காற்று இரவோடு இரவாக இரண்டு மரத்தைக் கிளையோடு முறித்துப் போட்டிருந்தது. முருங்கைக்கு வைராக்கியம் கிடையாது, கொஞ்சம் அழுத்தினால் போதும், படக்கென்று ஒடிந்துவிடும். விழுந்த கிளையில் இருந்த காய்களை வாடுவதற்குள் பிடுங்கிக் கட்டுக் கட்டி மதியம் வருகிற டெம்போவில் ஏற்றியாக வேண்டும். மகள் நாகஜோதி தொரட்டியை உயர்த்தி நிற்கிற மரத்தில் காய் பறித்தாள். பேச்சாயி தரையில் குத்தவைத்துக் கட்டுப் போட்டாள். வாழைநாரால் ஒரு சுற்று, ஒரு முடிச்சு, தூக்கிப் போடு. கை அதுபாட்டுக்கு வேலை பார்க்கும், வாய் அதுபாட்டுக்குக் காற்றைத் திட்டும்.

அவள் வீட்டுக்காரர் பெருமாள்சாமிதான் ஊருக்குப் பூசாரி. திருவிழாவுக்குச் சாமி சாட்டிய நாளிலிருந்து அவர் வீட்டுக்கு வரவில்லை. கோவிலிலேயே படுக்கை, ஒரு வேளைப் பச்சரிசிக் கஞ்சி, யாரையும் தொடக்கூடாது, அதிகம் பேசக்கூடாது. அதிகம் பேசக்கூடாது என்கிற விரதம் அவருக்கு வருஷம் பூராவும் உள்ளதுதான் என்று பேச்சாயி சொல்வாள். வீட்டில் அவள் பேசுகிற பேச்சிலேயே இரண்டு பேருக்கும் போதுமான அளவு இருந்ததால் அவருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

டெம்போவுக்குக் காயை ஏற்றிவிட்டு ஆத்தாளும் மகளும் வீடு திரும்பி, கம்பங்கூழைக் கரைத்து, சுட்ட கத்தரிக்காய் வெஞ்சனத்தைத் தொட்டுக்கொண்டு வாயில் வைத்த நேரத்தில், வாசலில் ஒரு மொபெட் வந்து இருமி இருமி நின்றது. நர்சு தாஹிரா. தலையில் போட்டிருந்த முக்காடு காற்றில் அவிழ்ந்து கழுத்தில் சுற்றியிருந்தது. முகமெல்லாம் செம்மண்.

"பேச்சாயிக்கா! ஒரு சொம்புத் தண்ணி குடுங்க. உங்க ஊருக்கு வாரதுக்குள்ள நான் பாதி மண்ணத் தின்னுட்டேன்."

"இன்னைக்குச் செவ்வாக் கிழமைல்ல? நீங்க தடுப்பூசி போட புதன்தான வருவீக?"

"ஊசி போட வரல. சேதி சொல்ல வந்திருக்கேன்." தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, நாகஜோதியைப் பார்த்துச் சிரித்தாள். "ஏ பிள்ள, உன் பேரு வந்திருச்சு. நர்சு ட்ரெய்னிங்ல சேந்த பிள்ளை ஒண்ணு கல்யாணம்னு நின்னுருச்சாம். வெயிட்டிங்ல இருந்த உன்னயக் கூப்புடுறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் வந்துச்சு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மதுரையில நிக்கணும். நிக்கலன்னா அடுத்த பிள்ளையக் கூப்புட்டுருவாங்க."

நாகஜோதி கையில் இருந்த கூழ்க் கும்பாவைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

இந்தத் தாஹிராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. ஒத்தைப்பாறைப்பட்டிக்கென்று ஒரு துணை சுகாதார நிலையம் உண்டு, அதில் நர்சு குடியிருக்க ஒரு வீடும் உண்டு. அந்த வீட்டில் நர்சு குடியிருந்ததைவிடப் பூட்டுக் குடியிருந்ததுதான் அதிகம். நாகர்கோவிலிலிருந்து ஒரு பிள்ளை வந்தது, ஒரு ஆடியைப் பார்த்தது, மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டது. தஞ்சாவூர்ப் பிள்ளை ஒன்று வந்தது. குடிக்கிற தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அந்த வாரமே போய்விட்டது. அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. கடைசியில் பக்கத்து ஊர்களைப் பார்த்துக்கொண்டிருந்த தாஹிராவின் தலையில் இந்த ஊரையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அவள் வேடசந்தூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நின்று பேசினாள்.

"டீச்சராகணும்னு எத்தன பேரு? கை தூக்குங்க. கம்ப்யூட்டர் படிக்கணும்னு எத்தன பேரு? நல்லது, படிங்க. நர்சு வேலைக்கு எத்தன பேரு? ஒருத்தரும் இல்லியா! அப்ப உங்க ஆத்தாவுக்கும் அக்காவுக்கும் பேறுகாலம் பாக்க எங்க ஊர்லேந்தே எப்பவும் ஆளு வரணுமாக்கும்? நான் என்ன உங்களுக்கு நேந்து விட்டவளா? உங்க ஊருக் காத்து, உங்க ஊருத் தண்ணி, உங்க ஊருப் பேச்சு. இதத் தாங்கறவ உங்க ஊர்லதான் பிறக்கணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நாகஜோதி சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தக் குடியிருப்பின் பூட்டு தெரியும். ஆறாம் வகுப்புப் படித்தபோது, ஆத்தாளுக்கு இடுப்பு வலி எடுத்து விடியவிடியக் கத்திக்கொண்டிருந்த நாளில், நர்சைக் கூட்டிவர ஓடியவள் அவள்தான். அந்தப் பூட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிவிட்டு அழுதுகொண்டே திரும்பி வந்தாள். பிறந்த தம்பி பொழுது சாய்வது வரைதான் இருந்தான். அன்றைக்கு அவள் மனசில் விழுந்த ஆசை இது. தாஹிரா வந்து ஊதிவிட்டாள், பற்றிக்கொண்டது.

விண்ணப்பம் போட்டபோதே பெருமாள்சாமிக்குப் பிடிக்கவில்லை. வெயிட்டிங் என்று வந்ததும் நிம்மதியாகிவிட்டார். இப்போது அந்த நிம்மதிக்குத்தான் ஆபத்து.

"அக்கா, என்ன யோசிக்கிறீங்க?" என்றாள் தாஹிரா. "இப்பவே கிளம்பினா ராத்திரி எங்க வீட்டுல படுத்துக்கிட்டு, விடிய நானே கூட்டிட்டுப் போயி மதுரையில விட்டுருவேன். எங்க அம்மாகிட்டச் சொல்லிட்டேன், சாமி கும்பிடுற வீட்டுப் பிள்ளை, இன்னைக்குச் சட்டியில கறி வாடை இருக்கக்கூடாதுன்னு. ரசம் வைக்கிறாங்க."

"சாப்பாடு இல்ல நர்சம்மா விசயம். இன்னைக்குச் சாயங்காலம் காப்பு."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அம்மன் கையிலும் பூசாரி கையிலும் மஞ்சள் காப்புக் கயிறு ஏறிவிட்டால், அந்த நேரத்தில் ஊர் எல்லைக்குள் நிற்கிற யாரும் சாமி கும்பிடு முடிகிற வரை வெளியூரில் இராத் தங்கக்கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது அடைய வந்துவிட வேண்டும். மில்லில் இரவு ஷிப்டு பார்க்கிறவன்கூட லீவு போட்டுவிடுவான். தப்பித்தவறி மீறினவனுக்கு வந்த அம்மை, மாடு செத்தது, மச்சான் கிணற்றில் விழுந்தது என்று ஊரில் கைவசம் நிறையக் கதைகள் இருந்தன. ஆனால் காப்பு ஏறும்போது எல்லைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. போகிறவர்கள் அதற்கு முன்னாலேயே போய்விட வேண்டும். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற படிப்பு. காப்புக்குள் சிக்கினால் நாகஜோதியின் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

"அதுக்கென்ன, இப்பவே எல்லையத் தாண்டிருவோம்," என்றாள் தாஹிரா.

அப்போதுதான் நாகஜோதி வாயைத் திறந்தாள். "அப்பா சொல்லாம நான் போகமாட்டேன்."

"ஏண்டி, நான் சொல்றது உனக்கு ஆகலியா?"

"நீ சொல்லுவ. அப்பா முகம் கோணிப் போயி நான் படிச்சா எனக்கு ஏறாதும்மா."

பெற்றவளுக்குக் கோபம் வந்தது. அதோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. இரண்டையும் மென்று விழுங்கிவிட்டு, புருஷனுக்கு உரிய கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். "பெட்டியக் கட்டு. நான் போயிக் கேட்டுட்டு வாரேன்."

"அதுக்குள்ள நான் மாயம்மாளப் பாத்துட்டு வந்துர்றேன்," என்று தாஹிரா மொபெட்டை மிதித்தாள். மாயம்மாள், ஊர் நாட்டாமை மலைச்சாமியின் மருமகள். தலைச்சன் பிள்ளைக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கோவில் ஊருக்கு மேற்கே ஒற்றைப் பாறையின் மேல் இருந்தது. அம்மன் மேற்குப் பார்த்தவள். வாசலில் நின்றால் கீழே குளத்தங்கரை, கரையை ஒட்டி மண் பாதை, பாதை முடிகிற இடத்தில் எல்லைக்கல், அதற்கு அப்பால் தார் ரோடு, எல்லாம் தெரியும். பெருமாள்சாமி வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். காற்று அதை அவிழ்த்துக்கொண்டே இருந்தது, அவர் கட்டிக்கொண்டே இருந்தார்.

பேச்சாயி வாளியைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். விசயத்தை ஒரே மூச்சில் சொன்னாள்.

அவர் தோரணத்தை விடவில்லை. "காப்பு அன்னைக்குப் பூசாரி மகளக் காணோம்னா ஊரு என்ன பேசும்?"

"ஊரு எதுக்குத்தான் பேசல? போன வருசம் நான் புதுச் சேலை கட்டுனதுக்கு ஒரு வாரம் பேசுச்சு. பேசிட்டுப் போகட்டும்."

"அது மட்டுமில்ல புள்ள. பேறுகாலம் பாக்குற வேல. ரத்தமும் தீட்டும் அளைஞ்ச கையோட வீட்டுக்கு வருவா. அடுப்பத் தொடுவா, என் வேட்டியத் துவைப்பா. அப்புறம் நான் எப்படி இந்தப் படிய மிதிக்கிறது? எங்க அப்பன், பாட்டன் எல்லாம் நின்ன எடம் இது."

"குளிச்சிட்டு வருவா. சோப்பு என்ன இந்த ஊருக்கு வராத சாமானா?"

"நீ எகத்தாளம் பேசாத."

"எகத்தாளம் இல்லைங்க. அம்மன் பொம்பளைதான? லோகத்தையே பெத்தவன்னு நீங்கதான உடுக்கடிச்சுப் பாடுறீக. பெத்தவளுக்கா பேறுகாலம் தீட்டு?"

தோரணம் மறுபடி அவிழ்ந்தது.

பேச்சாயி இந்த விசயத்தை இத்தனை வருஷமாக வாயிலெடுத்ததில்லை. எடுக்க வேண்டாம் என்றுதான் இப்போதும் நினைத்தாள். ஆனால் வாய் அவள் பேச்சைக் கேட்கிற வாய் இல்லையே.

"ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. உங்க மகன் கறுப்பா, செவப்பா?"

பெருமாள்சாமியின் கை நின்றது.

"சொல்லுங்க. நீங்க பெத்த மகன்தான. கறுப்பா, செவப்பா?"

"பேச்சாயி..."

"உங்களுக்குத் தெரியாது. ஏன்னா நீங்க வேலிக்கு அங்கிட்டு நின்னீக. பூசாரி, தீட்டு, உள்ள வரக்கூடாது. காலையிலேந்து பொழுது சாயுற வரைக்கும் அங்கயே நின்னு, என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தீக. உங்க மேல நான் குத்தம் சொல்லல. சாமியாளு, உங்களால முடிஞ்சது அம்புட்டுதான். ஆனா உள்ள யாரு இருந்தா? நர்சு வீட்டுல பூட்டு. ஒரு பச்சப் பிள்ள, ஆறாவது படிக்கிறவ, அவதான் அவனத் துணியில வாங்குனா. அவ கையிலதான் அவன் போனான். அந்தக் கையத்தான் இப்பத் தீட்டுங்கிறீக."

அவர் குனிந்து, கீழே கிடந்த வேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அழுகிறாரா என்று பார்க்க அவளுக்கு மனசில்லை.

கடைசி இலையையும் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் சொன்னார்: "காப்புக்கு உத்தரவு சொல்ற வாயால அவளப் போகச் சொல்ல என்னால முடியாது. கவுளி உத்தரவு குடுத்ததும் கட்டிருவேன். யாருக்காகவும் நிக்கமாட்டேன். போ."

கவுளி என்றால் பல்லிதான். காப்புக் கயிற்றை அம்மன் காலடியில் வைத்துவிட்டு எல்லோரும் காத்திருப்பார்கள். கருவறையில் எங்கிருந்தாவது பல்லி சொன்னால் அம்மன் சம்மதம் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். ஒரு வருஷம் சூடம் ஏற்றுவதற்குள் சொல்லிவிடும், ஒரு வருஷம் ஊரையே நிற்க வைத்துவிடும். சொல்லிவிட்டது என்று அறிவிக்க வேண்டியது பூசாரி. அவர் காதில் விழுந்தால்தான் கணக்கு.

பேச்சாயி பாறையை விட்டு இறங்கினாள். இறங்குகிற வழியெல்லாம் யோசித்தாள். வீட்டு வாசலை மிதிக்கும்போது முடிவு செய்துவிட்டாள்.

நாகஜோதி தகரப் பெட்டியோடு நின்றாள். "அப்பா என்னம்மா சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? நல்லபடியாப் போயிட்டு வரச் சொன்னாரு."

"நெசமாவா?"

"நெசமில்லாம? கண் கலங்கிருச்சு மனுசனுக்கு." அது பொய்யில்லை என்பதால் இதைச் சொல்லும்போது குரல் நன்றாகவே வந்தது.

"அப்ப ஒரு எட்டுப் போயித் திருநீறு வாங்கிட்டு வந்துர்றேன்."

"ஐயையோ! காப்புக்கு நிக்கிறவரு கையால வழிப்போறவுக திருநீறு வாங்கக்கூடாது. முறை தெரியாதா?"

அப்படி ஒரு முறை அந்த நிமிஷம் வரை உலகத்தில் இல்லை. ஆனால் பூசாரி பொண்டாட்டி சொன்னால் அது முறைதான். நாகஜோதி நம்பிவிட்டாள்.

கிளம்பியிருக்கலாம். தாஹிராவைத்தான் காணவில்லை. மாயம்மாளுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது, இரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது. "பகல்ல வேடசந்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிப் பொழுதோட திரும்பிரலாம், உங்க காப்புக்கு ஒரு கொறையும் வராது, ஆனா நாளைக்கே போகணும்" என்று அந்த வீட்டுப் பெண்களிடம் மல்லுக்கட்டி, சம்மதம் வாங்கி, தாஹிரா வந்து சேர்ந்தபோது பொழுது மேற்கே நன்றாகச் சாய்ந்திருந்தது. பாறை மேல் கொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"ஏறு பிள்ள, ஏறு!"

பெட்டி காலடியில், நாகஜோதி பின்னால். மொபெட் உறுமியது, நகர்ந்தது. பேச்சாயி கை காட்டக்கூட நிற்கவில்லை. குறுக்குச் சந்தில் புகுந்து கோவிலுக்கு ஓடினாள். அங்கே போய் என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கோவில் முன்னால் ஊரே நின்றது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எல்லோரும் அம்மனைப் பார்த்து, ரோட்டுக்கு முதுகு காட்டி நின்றார்கள். பெருமாள்சாமி மட்டும் கயிற்றைக் காலடியில் வைத்துவிட்டு வாசல்படியில் வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்றார். முகத்தில் சாய்கிற வெயில். எதிரே இருக்கிற பாதை அவருக்குத் தெரியும், அவருக்குப் பின்னால் இருந்த அம்மனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. கொட்டடிப்பதை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு கவுளிக்குக் காத்திருந்தது.

கடைசியில் வந்து சேர்ந்த பேச்சாயி திரும்பிப் பார்த்தாள். குளத்தங்கரையில் மொபெட் நின்றுபோயிருந்தது. எதிர்க்காற்று. இரண்டு ஆளையும் பெட்டியையும் இழுத்துக்கொண்டு அந்தக் காற்றில் ஏற அந்தச் சின்ன வண்டிக்குச் சீவன் இல்லை. தாஹிரா இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்க, நாகஜோதி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள். எல்லைக்கல்லுக்கு இன்னும் பாதி வழி இருந்தது.

அப்போது கவுளி சொன்னது.

சன்னமாக இல்லை. கருவறைக்குள்ளிருந்து பட்டுப் பட்டென்று தெளிவாகச் சொன்னது. பேச்சாயிக்குக் கேட்டது. கொட்டுக்காரருக்குக் கேட்டது, குச்சியை ஓங்கிவிட்டார். பெண்கள் குலவைக்கு வாயைக் குவித்துவிட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒன்று போயிற்று, இன்றைக்கு இன்னொன்றும் போயிற்று என்று பேச்சாயி நினைத்தாள்.

பெருமாள்சாமி அசையவில்லை. நெற்றியில் கையைக் குடையாகப் பிடித்து எதிரே பார்த்தபடி நின்றார்.

"மச்சான், சொல்லிருச்சு," என்றார் முன்வரிசையில் நின்ற நாட்டாமை மலைச்சாமி.

"என்ன சொல்லிருச்சு?"

"கவுளி. உத்தரவு ஆயிருச்சு. கயித்த எடுங்க."

"எனக்குக் கேக்கல."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "நல்லாக் கேட்டுச்சே பூசாரி!" என்று ஒரு குரல். "எங்க பக்கமே கேட்டுச்சே" என்று பெண்கள் பக்கம் இன்னொரு குரல்.

"காத்துச் சத்தத்துல என்னமோ உங்களுக்குக் கேட்டிருக்கு. எனக்குக் கேக்கல," என்றார் பெருமாள்சாமி. வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர், அதில் ஒரு வார்த்தையும் பொய்யாக இருந்ததில்லை. கருவறை வாசலில் நின்று அவர் பொய் சொல்வார் என்று அங்கிருந்த ஒருத்தரும் நினைத்திருக்க முடியாது. பேச்சாயிக்கு மட்டும் புரிந்தது. புரிந்ததும் அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

அம்மனும் விடவில்லை, அல்லது கவுளிக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டாவது தடவை, முன்னைவிட உரக்கச் சொன்னது.

"இப்ப?" என்றார் மலைச்சாமி. குரலில் சூடு ஏறியிருந்தது. "இப்பவுமா கேக்கல? ரெண்டு தடவ சொல்லிருச்சு. அம்மன் வாக்க மறிக்கிறீகளா மச்சான்? ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு சவாப்பு?"

பெருமாள்சாமி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை எங்கே போகிறது என்று அப்போதுதான் மலைச்சாமிக்குச் சந்தேகம் வந்தது. திரும்பினார். குளத்தங்கரைச் செம்மண் புழுதிக்குள் முக்காடு பறக்க ஒருத்தி வண்டியை இழுக்கிறாள், பூசாரி மகள் பின்னால் தள்ளுகிறாள். மதியம் தன் வீட்டில் மருமகள் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கே ஆஸ்பத்திரி, இல்லாட்டி நான் பொறுப்பில்ல" என்று கத்திய நர்சு அவள். பூசாரி மகள் படிக்கப் போகப்போகிறாள் என்ற சேதியை மருமகள்தான் அவருக்குச் சொல்லியிருந்தாள். "இனிமே நம்ம ஊருக்கு நம்ம ஊருப் பிள்ளையே வரும் மாமா" என்று அந்தப் பிள்ளைத்தாய்ச்சி சந்தோசப்பட்டதும் அவருக்கு நினைவு வந்தது.

மலைச்சாமி செத்த நேரம் பாதையையே பார்த்தார். மெதுவாகத் திரும்பி, தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"பூசாரி சொல்றது சரிதான்," என்றார். "எனக்கும் சரியாக் கேக்கல. காத்துதான்."

"நாட்டாம, நீங்கதான இப்ப..." என்று ஆரம்பித்தவனை ஒரு முறை முறைத்தார். "ஏலே, உனக்கென்ன அவசரம்? அடுப்புலயா வச்சிட்டு வந்திருக்க? கேக்கலன்னா கேக்கல."

ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி அம்மன் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஊருக்கே ஒரே நேரத்தில் காது அடைத்துப்போனது. கருவறைக் கவுளி மூன்றாம் முறையும் சொன்னதாகப் பிறகு சிலர் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் யாரோ பலமாக இருமினார்களாம்.

நாகஜோதியும் தாஹிராவும் எல்லைக்கல்லைத் தாண்டித் தார் ரோட்டில் வண்டியை ஏற்றினார்கள். ரோடு சரிவு. இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பி, திண்டுக்கல் பக்கம் திரும்பி, புளியமரங்களுக்குள் மறைந்தது.

பெருமாள்சாமி நெற்றியிலிருந்து கையை எடுத்தார். காற்றுகூட அந்த நேரம் ஓய்ந்திருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"உத்தரவு ஆயிருச்சு," என்றார்.

"ஆமா, நல்லாக் கேட்டுச்சு," என்றார் மலைச்சாமி. "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றது கூட்டம். கொட்டு முழங்கியது. எல்லாருக்கும் முன்னால் குலவை போட்டவள் பேச்சாயி. அன்றைக்கு அவள் போட்ட குலவை அடுத்த ஊர் வரை போயிருக்கும்.

காப்பு ஏறி, கூட்டம் கலைந்து, கஞ்சி வாளியை எடுக்கப் பேச்சாயி படிக்கு வந்தாள். கையில் மஞ்சள் கயிற்றோடு பெருமாள்சாமி உட்கார்ந்திருந்தார்.

"அம்மன் முன்னாடி பொய் சொல்லிட்டேன் புள்ள," என்றார்.

"நானும் ஒண்ணு சொல்லிருக்கேன். நீங்க போகச் சொன்னதா அவகிட்டச் சொல்லித்தான் அனுப்புனேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் சொன்னேன்னு நீ சொல்லாட்டி அவ கிளம்பியிருக்க மாட்டாள்ல," என்றார் பெருமாள்சாமி. பிறகு வாளியை அவளிடம் தள்ளிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவன் கறுப்பா, செவப்பா?"

பேச்சாயி தள்ளி நிற்க வேண்டியவள், இரண்டு படி ஏறி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க நிறந்தாங்க," என்றாள்.